அழைக்காம வந்த நட்டு

உமாபதி லோரி வாங்குன கதைய நீங்க வேற யார்கிட்டயாச்சும் கேட்டிருந்தா மறந்துடுங்க. அவங்கல்லாம் பாதிக் கததான் சொல்லுவாங்க. மீதிப் பாதி என் சைக்கிள்ல இருக்கு.

எம்பத்தி நாலாம் வருசம். கோல சிலாங்கூர்லேருந்து நாலு கட்ட, அதான் நாலு மைல், தள்ளி எங்க ரப்பர் தோட்டம். உமாபதி அங்க பன்னெண்டு வருசமா டிராக்டர் ஓட்டுனவன். அவன் சம்சாரம் அன்னம்மா பால்மரம் வெட்டுறவ. ரெண்டு பேருக்கும் சேத்து வாய் ஒண்ணுதான். அது அன்னம்மாகிட்ட இருந்துச்சு.

சுங்கை பஞ்சாங்ல அறுவட வருது, நெல்ல மில்லுக்கு ஏத்த லோரி வேணும்னு ஒரு ஹாஜி சொல்லியிருக்காரு. அவ்வளவுதான். இவன் எங்களயெல்லாம் வேல வாங்குற மண்டோர்கிட்ட போயி டிராக்டர் சாவியக் குடுத்துட்டு வந்துட்டான். அப்பறம் செகிஞ்சான்ல ஒரு மீன் யாவாரி டவுக்கேகிட்ட பழைய ஆறு சக்கர லோரி ஒண்ண வாங்குனான். அது வருதுன்னு எங்க தோட்டத்துப் பூனைங்களுக்கு எங்களுக்கு முந்தியே தெரிஞ்சிருச்சு.

அதுல ஒரே ஒரு கோளாறு. ரெண்டாவது கியர் நிக்காது. போட்டு கைய எடுத்தா துள்ளிக்கிட்டு வெளிய வந்துரும். தஞ்சோங் காராங் வழியா வீடு வர்ற வரைக்கும் அன்னம்மா பக்கத்துல உக்காந்து கியர் கம்ப ரெண்டு கையாலயும் புடிச்சு அழுத்திக்கிட்டே வந்திருக்கா. லோரிய விட்டு எறங்குனப்ப அவ கை ரெண்டும் அப்படியே மடங்கி நின்னுச்சு.

"என்னாங்க, நெல்லு மூட்டைக்குச் சம்பளம் குடுப்பாங்க. கம்பு புடிக்கிறவளுக்கு யாரு குடுப்பா?"ன்னு கேட்டா.

மறுநாள் கோல சிலாங்கூர் பட்டறையில காட்டுனான். அங்க இருந்த சீன மெக்கானிக் மூணு வாரம் ஆகும்னுட்டான். அவன்கிட்ட ஏற்கனவே வரிசையா ஏழு லோரி நிக்குது. ஹாஜி சொன்னதோ அடுத்த திங்கக்கெழம காலையில. வாய்க்கா ஓரத்துல லோரி நிக்கலன்னா வேல அவரோட மச்சான் லோரிக்குப் போயிரும். அப்பறம் உமாபதி மண்டோர் முன்னால கையக் கட்டி நின்னு டிராக்டர் சாவியத் திரும்பக் கேக்கணும். அந்த மண்டோரப் பத்தி நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன். அவரு பொண்டாட்டி சொன்னதே போதும், அத வேற நாளைக்கு வச்சுக்குவோம்.

அப்ப வழி ஒண்ணுதான். தானே பிரிச்சுப் பாக்கறது.

சந்தியில சீனி முகம்மது பாயோட டீக்கடையில பஞ்சாயத்து கூடுச்சு.

"வேணாம் உமாபதி,"ன்னாரு பாய் டீய ஆத்திக்கிட்டே. "பிரிக்கறது லேசு. நான் ஒரு ரேடியோவப் பிரிச்சேன். இன்னிக்கு அதுல பல்பு மட்டும் எரியுது."

"டிராக்டர் கியர் பிரிக்கறப்ப கூட நின்னு பாத்திருக்கேன் பாய்."

"பிரசவம் பாக்கறப்பகூட நான் வாசல்ல நின்னிருக்கேன் லா. அதுக்காக?"

நானும் என் பங்குக்கு, "தம்பி, பேசாம திரும்ப மீனுக்கே வித்துடு,"ன்னேன். அவன் டீயக் குடிச்சான், கிளாஸக் கவுத்தான், போயிட்டான். அவன் முடிவு பண்றது எப்பவும் அங்க இல்ல.

வீட்டுல அன்னம்மா ஒரே கேள்விதான் கேட்டா. சுவத்துக்கு அந்தப் பக்கம் என் வீடு. காது என்னமோ அங்கதான் கெடந்துச்சு.

"பிரிக்கத் தெரியும். திரும்ப எதுக்கு அப்பறம் எதுன்னு ஞாபகம் இருக்குமா?"

"அதான் பயமா இருக்கு."

"அத நான் பாத்துக்கறேன். நீங்க பிரிங்க."

வியாழக்கெழம லோரியப் பேட்மிண்டன் கோர்ட்டு ஓரமா கொண்டாந்து நிறுத்துனான். சிமெண்டு தரை, வெள்ளக் கோடு, நடுவுல வலை. கேபின் தரையப் பெயத்து, கியர் பொட்டி மேல்மூடியக் கழட்டி, ஒவ்வொரு சாமானா எடுத்து சம்சாரத்துகிட்ட நீட்டுனான். அன்னம்மா அத மண்ணெண்ணெய்ல கழுவி வரிசையா கோர்ட்டுல வச்சா. வைக்கறப்பவே ஒவ்வொண்ணுக்கும் ஒரு பேரு. என்னான்னு கேட்டா, அவங்க கல்யாணத்துக்கு வந்த சொந்தக்காரங்க.

அவளுக்கு எழுத்துக் கூட்டிப் படிக்கறதே கஷ்டம். ஆனா தன் கல்யாணத்துல யாரு யாருக்குப் பக்கத்துல நின்னாங்க, யாரு யாருகூட மூஞ்சியத் திருப்புனாங்க, எல்லாம் அவளுக்கு அத்துப்படி. மூடி பெரிய மாமா. மூணு ஸ்பிரிங்கும் மூணு நாத்தனாரு, தொட்டா துள்ளுவாங்க. ஸ்பிரிங்குக்குக் கீழ இருந்த மூணு இரும்புக் குண்டும் தங்கச்சி புள்ளைங்க, கொஞ்சம் பராக்குப் பாத்தா உருண்டு ஓடிரும். வலைக்கு இந்தப் பக்கம் மாப்பிள்ள வீடு, அந்தப் பக்கம் பொண்ணு வீடு. மொத்தம் நாப்பத்தியோரு பேரு. சாயங்காலம் பந்தடிக்க வந்த பையன்க எல்லாம் சுத்தி நின்னு கல்யாணம் பாத்தானுங்க.

நானும் போயி நின்னேன். கியர் கம்புக்கு அடியில ஒரு ரப்பர், கிழிஞ்சு எண்ணெய் ஒழுகிக்கிட்டு இருந்துச்சு.

"இது யாரும்மா?"ன்னு கேட்டேன்.

"அது நீங்கதாண்ணே. உள்ள எதுவும் தங்காது."

பையன்க சிரிச்சானுங்க. உமாபதியே சிரிச்சான். சரி, சிரிங்கன்னு விட்டுட்டேன். விட்ட மாதிரி நின்னேன்.

கோளாறு எதுலன்னு அன்னிக்கே தெரிஞ்சு போச்சு. உள்ள கியரத் தள்ளுற கவட்டையில ஒண்ணு வாய் தேஞ்சு கெடந்துச்சு. அதக் கழட்டறப்ப, அதோட போல்ட்டு திருகி வந்துராம இருக்க சுத்திக் கட்டியிருந்த கம்பி துருப்புடிச்சு அறுந்துருச்சு. உமாபதி அந்தக் கம்பிய அப்படியே கால்வாயில வீசிட்டான். மறுநாள் பஸ்ஸு மாறி மாறி ரவாங் போயி, பழைய சாமான் கடையில அதே மாதிரி கவட்ட ஒண்ணும் புது ரப்பர் ஒண்ணும் வாங்கிட்டு வந்தான்.

சனிக்கெழம பூட்ட ஆரம்பிச்சாங்க. அப்பத்தான் எனக்கு அந்த யோசன வந்துச்சு. என்னைய ரப்பர்னு சொன்னா இல்ல? சைக்கிள் மட்கார்டுல இருந்து ஒரு நட்டக் கழட்டினேன். மண்ணெண்ணெயில முக்கித் தொடச்சேன். அன்னம்மா தண்ணி குடிக்கப் போன நேரம் பாத்து, பொண்ணு வீட்டுப் பக்கம் ஒரு மூலையில வச்சுட்டு வந்துட்டேன்.

அன்னம்மா பேரச் சொல்லச் சொல்ல அவன் பூட்டுறான். பெரிய மாமா ஏறியாச்சு, நாத்தனாருங்க ஏறியாச்சு, கடைசியா கேபின் தரையும் ஏறியாச்சு. கோர்ட்டு காலி. மூலையில மட்டும் ஒரு நட்டு.

உமாபதி அதக் கையில எடுத்தான். திருப்பித் திருப்பிப் பாத்தான்.

"இது யாரு அன்னம்மா?"

"இது நம்ம ஆளு இல்லங்க. நாப்பத்தியோரு பேரும் ஏறிட்டாங்க. இது அழைக்காம வந்தது."

"நீ யாரயாச்சும் மறந்திருப்ப."

"என் கல்யாணத்துல நான் யார மறப்பேன்? உங்க ஒண்ணுவிட்ட சித்தப்பா எத்தன தடவ பாயசம் கேட்டாருன்னுகூடச் சொல்லட்டா?"

லோரிய எடுத்துத் தோட்டத்து ரோட்டுல ஒரு சுத்து சுத்துனான். ரெண்டாவது கியரு கல்லு மாதிரி நின்னுச்சு. எல்லாரும் கை தட்டுனோம். ஆனா அவன் எறங்குனப்ப உள்ளங்கைய விரிச்சு அந்த நட்டத்தான் பாத்தான்.

ஞாயித்துக்கெழம காலையில பல்லு வெளக்கிக்கிட்டு வர்றேன், மறுபடியும் கேபின் தரை வெளிய கெடக்குது.  மறுநாள் திங்கக்கெழம. சிரிக்கறதுக்குப் பண்ணது, இவன் வேலையில மண்ண அள்ளிப் போட்டுருமோன்னு பயம் வந்துருச்சு. ஓடிப்போயி உண்மையச் சொல்லிட்டேன்.

"தம்பி, பிரிக்காத. அந்த நட்டு என்னுது. நான்தான் வச்சேன்."

உமாபதி நிமிந்துகூடப் பாக்கல. "அண்ணே, போன மாசம் ஆபீஸ்ல கணக்கு எழுதுற கிராணிக்கு ரெண்டாவது பொண்டாட்டி இருக்குன்னு சொன்னீங்க. அது அவரு அக்கா. உங்க பேச்ச நம்பி நான் கியர் பொட்டிய மூடவா?"

"சைக்கிளப் பாரு, மட்கார்டுல நட்டு இல்ல."

"உங்க சைக்கிள்ல எதுலதான் நட்டு இருக்கு?"

என்னாத்தச் சொல்றது. பொறந்ததுலேருந்து நான் சொன்ன முக்கியமான உண்ம அது ஒண்ணுதான். அதயும் யாரும் வாங்கிக்கல. சரின்னு ஸ்பேனர எடுத்துக் குடுத்துக்கிட்டு நானும் பக்கத்துல குந்துனேன்.

சொந்தக்காரங்க எல்லாரும் மறுபடியும் கோர்ட்டுல எறங்குனாங்க. அன்னம்மா பேசவே இல்ல, அதுவே பெரிய அதிசயம். ஒவ்வொண்ணா எண்ணிப் பாத்தான். எல்லாம் அதது எடத்துலதான் இருந்துச்சு. நாப்பத்தியொண்ணுல ஒண்ணும் கொறையல. கடைசியா புதுக் கவட்டைய விரலால ஆட்டிப் பாத்தான். ஆடுச்சு.

அதோட போல்ட்டு முக்கால்வாசி கழண்டு நிக்குது. தோட்டத்துல ஒரே ஒரு சுத்துதான் ஓட்டுனான், அதுக்கே அப்படி. கம்பி கட்டல. பழைய கம்பி அறுந்து போச்சு, கால்வாயில வீசிட்டான். அது கோர்ட்டுக்கு வரவே இல்ல, அன்னம்மா அதுக்குப் பேரு வைக்கவும் இல்ல. பேரு இல்லாதத யாரு கூப்புடுவா? மறுநாள் நெல்லு மூட்டைய ஏத்திக்கிட்டு வாய்க்கா ஓரத்துல போறப்ப அது கழண்டிருந்தா கியரு அப்படியே மாட்டிக்கிட்டிருக்கும். லோரி வயலுக்குள்ள, ஹாஜி வேல மச்சானுக்கு, இவன் மண்டோர் வாசல்ல.

 உமாபதி போல்ட்ட இறுக்கிட்டு, புதுக் கம்பிய ரெண்டு சுத்து சுத்தி முறுக்குனான்.

"நட்டுதான் என்னைய கூப்புட்டுச்சு,"ன்னான்.

"நான்தாண்டா கூப்புட்டேன்,"ன்னேன்.

"அண்ணே, சும்மா இருங்க லா."

திங்கக்கெழம வெள்ளன லோரி கெளம்புச்சு. கண்ணாடிக்குப் பக்கத்துல நூல்ல கட்டி என் நட்டு தொங்குது, பொட்டு வேற வச்சிருக்கான். சாயங்காலம் சந்தியில நான் டீ குடிச்சுக்கிட்டு இருக்கேன், உமி ஒட்டிக்கிட்டு லோரி திரும்பி வருது. ஹாஜி அறுவட முடியற வரைக்கும் வரச் சொல்லிட்டாராம். மொத நாளுன்னு வேலைக்கு மட்டம் போட்டுட்டு அன்னம்மாவும் கூடப் போயிருந்தா. ரெண்டு கையும் சும்மா இருந்துச்சு. கச்சான் கடல உரிச்சுத் தின்னுக்கிட்டு வர்றா.

உமாபதி பாய்கிட்ட கத சொல்ல உள்ள போனான். அன்னம்மா எறங்கி என் சைக்கிள்கிட்ட வந்தா. மட்கார்ட ஒரு விரலால தட்டுனா. அது லொடலொடன்னு ஆடுச்சு.

"எனக்கு அன்னிக்கே தெரியும்ணே,"ன்னா. "இந்தத் தோட்டத்துல அழைக்காம எல்லாக் கல்யாணத்துக்கும் வர்றது நீங்க ஒருத்தர்தான்."

"அப்ப உன் வீட்டுக்காரன்கிட்ட சொல்லேன். எனக்கு நட்டு வேணும்."

"சொல்ல மாட்டேன். அதுக்குப் பொட்டு வச்சுத் தொங்க விட்டிருக்காரு. போயி வேற வாங்கிக்குங்க."

கச்சான் ஒரு கை அள்ளி என் சட்டப் பையில போட்டுட்டுப் போயிட்டா. நான் வேற நட்டு வாங்கல. அந்த மட்கார்டு இன்னும் ஆடிக்கிட்டுத்தான் இருக்கு. யாராச்சும் ஏன்னு கேட்டா, இந்தக் கதையச் சொல்லுவேன். இதுவரைக்கும் ஒருத்தரும் நம்பல.