குல்ஃபிப் பானை ஐஸ்

பாஷா போன் செய்தபோது நான் பஸ்ஸில் தொங்காத குறையாக நின்றுகொண்டிருந்தேன். அம்பத்தூர் எஸ்டேட்டில் எங்கள் கம்பெனியின் முதலுதவி அறைக்கு நான் ஒருத்திதான் நர்ஸ். அன்றைக்கென்று பார்த்து மருந்து வாங்க வெளியே போயிருந்தேன்.

"சிஸ்டர், சேகர் கட்டைவிரல் பிரெஸ் மெஷின்ல மாட்டி துண்டாயிடுச்சு. தனியா கீது. இன்னா பண்றது?"

"கையை நல்லா அமுக்கிக் கட்டு. விரலை ஐஸ்ல வச்சு ஆஸ்பத்திரிக்குக் கொண்டா. நான் நேரா அங்க வந்துடறேன்."

அவ்வளவுதான் சொன்னேன்.

சேகரும் பாஷாவும் சேக்காட்டில் ஒரே தெரு, வேலைக்கு வருவதும் ஒரே பைக்கில். பாஷா கம்பெனி வாசலுக்கு ஓடி, அங்கே நின்ற குல்ஃபி வண்டிப் பானையில் இருந்த ஐஸை டிபன் பாக்ஸில் அள்ளி, விரலை அதற்குள் புதைத்திருக்கிறான். குல்ஃபி உறைவதற்காக உப்புப் போட்ட ஐஸ் அது. சாதா ஐஸைவிடக் குளிர் அதிகம். ஆட்டோ குலுங்கினால் விரல் அடிபடுமே என்று தன் கையையும் உள்ளே விட்டுப் பிடித்தபடி வந்தான். ஆஸ்பத்திரியில் இறங்கும்போது அவன் விரல்களும் வெளுத்திருந்தன.

டாக்டர் பாக்ஸைத் திறந்தார். "இதை நேரா ஐஸ்ல வச்சது யாரு?"

"நான்தான் சார்" என்றான் பாஷா.

நான் பக்கத்தில்தான் நின்றேன். வாயில் கொழுக்கட்டை அடைத்த மாதிரி நின்றேன்.

துண்டான விரல் உடனே சாவதில்லை. ரத்தம் வராவிட்டாலும், அளவான குளிரில் செல்கள் பசியைக் குறைத்துக்கொண்டு காத்திருக்கும். ரத்தம் திரும்பினால் பிழைத்துக்கொள்ளும். ஆனால் உறைந்துபோனால் செல்லில் இருக்கும் தண்ணீரே ஐஸ் ஊசியாகி அதன் சவ்வைக் கிழித்துவிடும். கிழிந்த செல்லுக்கு வைத்தியம் கிடையாது. இதெல்லாம் நான் படித்துப் பாஸான பாடம்.

தைத்த அன்று விரல் லேசாகச் சிவந்தது. சேகரின் மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். ஐந்தாம் நாள் கறுத்தது. எடுத்துவிட்டார்கள்.

பிரெஸ் ஓட்டிய சேகரை ஸ்டோரில் சாமான் எடுத்துக் கொடுக்கும் வேலைக்கு மாற்றினார்கள். பாஷாவுக்குக் 'குல்ஃபி' என்று பேர் வைத்தார்கள். கேன்டீனில் அப்படிக் கூப்பிடும்போதெல்லாம் நான் பாதிச் சாப்பாட்டில் தட்டோடு எழுந்துவிடுவேன். ஆனாலும் சொல்லவில்லை. வேலை போய்விடும் என்று பயம்.

ரிட்டையர் ஆன அன்றுதான் பாஷாவைக் கூப்பிட்டுச் சொன்னேன். "தப்பு உன்னுது இல்லப்பா. நான்தான் அரைகுறையா சொன்னேன்."

"தெரியும் சிஸ்டர். ஸ்பீக்கர்ல போட்டுதான் பேசினேன். சேகரும் கேட்டுகினுதான் இருந்தான்."

"அப்புறம் ஏம்பா ரெண்டு பேரும் சொல்லல?"

"அவன்தான் வேணாம்னான். நாளைக்கு எவனுக்காவது அடிபட்டா, சிஸ்டர் போன் எடுக்கவே பயப்படுவாங்கன்னான்."

எஸ்டேட் கம்பெனிகளில் புதிதாக வேலைக்குச் சேரும் நர்ஸ்கள் இப்போதும் என்னிடம் யோசனை கேட்டு வந்தால் இதைத்தான் சொல்வேன். எதிர்முனையில் யார் எவ்வளவு கத்தினாலும் முழுசாகச் சொல்லுங்கள். விரலைச் சுத்தமான ஈரத்துணியில் சுற்று, பிளாஸ்டிக் பையில் போட்டுக் கட்டு, அந்தப் பையை ஐஸ் தண்ணீரில் வை, விரலில் ஐஸ் படக் கூடாது. கடிகாரத்தை வைத்துச் சொல்லிப் பார்த்திருக்கிறேன். கால் நிமிஷம்கூட ஆகவில்லை.