கையெழுத்துப் போட ஒரு சொந்தம்

பாகூர்ப் பக்கம் ஜெயசீலனைப் போல மரியாதையாக நடத்தப்பட்ட ஆள் கிடையாது. நாற்பது வயது தாண்டியும் அவரை ஒருவரும் அடித்ததில்லை, தள்ளியதில்லை, தோளில் கைபோட்டதுகூட இல்லை. பிறவியிலேயே ரத்தம் உறையாத உடம்பு. சலூன்காரர் கத்தியை எடுக்க மாட்டார், ஆகவே தாடி. பஸ்ஸில், "வேளாங்கண்ணிக்கு வேண்டுதலாபா?" என்று கேட்பவர்களிடம் ஆமாம் என்பார். உண்மையைச் சொன்னால் பக்கத்து சீட்டு காலியாகிவிடும்.

மரியாதை தெரியாதது இடுப்பெலும்பு ஒன்றுதான். உள்ளே கசிந்த ரத்தம் எலும்புக்குள் குடியேறி, கட்டியாகி, வருஷக்கணக்கில் எலும்பையே அரித்துக்கொண்டிருந்தது. வெளியே தெரிந்த வீக்கத்தை ஊரார் கொழுப்புக் கட்டி என்றார்கள். நல்லவேளை, கீறிப் பார்க்க யாருக்கும் தைரியம் வரவில்லை. கீறியிருந்தால் ரத்தம் நின்றிருக்காது.

"கேன்சர் இல்ல," என்றார் புதுச்சேரி டாக்டர். "ஆனா விட்டா எலும்பு முறிஞ்சி நடக்கவே முடியாது. ரத்தம் உறையறதுக்கு ஊசி போட்டுட்டு ஆபரேஷன் பண்ணிடலாம். கையெழுத்துப் போட சொந்தக்காரங்கள இட்டுனு வாங்க."

சொந்தமென்று இருந்தது மண்ணாடிப்பட்டில் வாழ்க்கைப்பட்ட அக்கா ஜோஸ்பின் மட்டும். தம்பியின் வியாதியை அவள் புகுந்த வீட்டில் சொன்னதில்லை. பெண்கள் வழியாகப் பிள்ளைகளுக்கு இறங்கும் வியாதி. மகள் சுகன்யாவுக்கோ இப்போதுதான் வரன் கூடிவந்திருந்தது. ஆனாலும் புடவை எடுக்கப் போவதாக வீட்டில் சொல்லிவிட்டு வந்து சேர்ந்தாள்.

"கூடப் பொறந்தவங்களா?" என்றார் நர்ஸ். "அப்ப உங்களுக்கும் பசங்களுக்கும் ஒரு பிளட் டெஸ்ட் எடுத்துடலாம்."

ஜோஸ்பினின் முகம் செத்துப்போனது. ஜெயசீலன் முந்திக்கொண்டார்.

"இல்ல சிஸ்டர், பக்கத்து வூட்டுக்காரங்க."

"அப்ப இவங்க கையெழுத்து செல்லாது. ஆபரேஷன தள்ளித்தான் வைக்கணும்."

"வையுங்க."

"யார்டா பக்கத்து வூடு?" ஜோஸ்பினின் குரலில் வார்டே திரும்பியது. "முட்டி வீங்கினப்பல்லாம் ஒன்ன இடுப்புல தூக்கினு ஸ்கூலுக்குப் போனது பக்கத்து வூட்டுக்காரியா? பேனாவக் குடுங்க சிஸ்டர்."

போட்டாள். டெஸ்ட்டை மட்டும் மகள் கல்யாணத்துக்கு அப்புறம் பார்க்கலாம் என்றாள். நர்ஸ் உதட்டைப் பிதுக்கிக்கொண்டு போனார்.

ஜெயசீலனுக்கு நெஞ்சு நிறைந்திருந்தது. "கல்யாணத் தேதி முடிவானா சொல்லுக்கா. அதுக்குள்ள எழுந்து நடந்துடுவேன்."

அவள் சாப்பாட்டு டப்பாவின் மூடியைத் திருகிக்கொண்டே இருந்தாள். அது முன்பே இறுகியிருந்தது.

"நீ வராதடா. மாப்பிள்ள வூட்டுல யாருன்னு கேட்டா இன்னா சொல்றது?"

"சரிக்கா," என்றார்.

கால் சரியானால் நடந்து போவதற்கு அவர் மனதில் வைத்திருந்த இடம் அது ஒன்றுதான்.