வருடத்தில் ஒரு நாள் கார் சொன்னது

ஜப்பான் கார் வாங்கியவர்கள் பொதுவாக நிம்மதியாகத் தூங்குவார்கள். பெட்ரோல் ஊற்று, ஆயில் மாற்று, மற்றதை அது பார்த்துக்கொள்ளும் என்பது அவர்கள் எண்ணம். லிஃப்ட்காரர் மட்டும் அந்தக் கூட்டத்தில் சேரவில்லை. கார் ஓடினால் ஏன் சத்தமே இல்லாமல் ஓடுகிறது என்று கவலை. நின்றால் நாளைக்குக் கிளம்புமா என்று கவலை.

அவரைச் சொல்லியும் குற்றமில்லை. இருபத்தாறு வருடமாக அவர் வேலையே கவலைப்படுவதுதான். அடுக்குமாடிகளிலும் ஆஸ்பத்திரிகளிலும் ஏறி இறங்கும் லிஃப்டுகளைச் சோதித்து, கம்பியில் ஒரு இழை பிரிந்திருந்தாலும் மின்சாரத்தை அணைத்து, "பழுது" என்ற அட்டையைத் தொங்கவிட்டு வருவார். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்பார். பன்னிரண்டு மாடி ஏறிப் போகிறவர்கள் திட்டுவதை அவர் காதில் போட்டுக்கொள்வதில்லை. ஆபீசில் அவருக்கு "பிரேக்" என்று பெயர்.

ஜப்பானிலும் ஒரு குறிப்பிட்ட கம்பெனியின் காரைத்தான் வாங்க வேண்டும் என்று அவர் ஒற்றைக் காலில் நின்றதற்கும் காரணம் இதுதான். கம்பெனி பெயரைச் சொன்னால் சின்னக் குழந்தைக்கும் தெரியும். ஆனால் அதன் கதை அவருக்குத்தான் தெரியும் என்பது அவர் நினைப்பு. கார் செய்வதற்கு முன்னால் அவர்கள் தறி செய்துகொண்டிருந்தார்கள். ஒரு நூல் அறுந்தால் தானாகவே நின்றுவிடும் தறி. பிறகு கார் தொழிற்சாலையிலும் அதே புத்தி. தலைக்கு மேலே ஒரு கயிறு போகும். ஏதோ சரியில்லை என்று பட்டால் கடைசித் தொழிலாளிகூட அதை இழுக்கலாம். சரிசெய்ய முடியாவிட்டால் வரிசையே நின்றுவிடும். இதைச் சொல்லும்போது அவர் முகத்தில் ஒரு பக்தியே தெரியும்.

"நல்லவேளை, அந்தக் கயித்தை உங்க கையில குடுக்கல," என்பாள் மனைவி. "குடுத்திருந்தா இன்னிக்கு வரைக்கும் ஒரு கார் வெளியே வந்திருக்காது."

வாங்கியது புதுக் கார் இல்லை. ஜப்பானில் யாரோ ஏழு வருடம் ஓட்டி, விற்று, கப்பலில் வந்து இறங்கிய வெள்ளைக் கார். சீட்டில் ஒரு கறை இல்லை. ஒரே ஒரு விசித்திரம், அது பேசும். தினமும் முதல்முறை சாவியைத் திருப்பியதும் ஒரு பெண் குரல் ஜப்பானிய மொழியில் ஒரு வரி சொல்லும். கார் விற்றவர் சிரித்துக்கொண்டே விளக்கினார்: அந்த நாட்டில் சுங்கச்சாவடிக்கு ஒரு கார்டு உண்டு, அதைச் செருகவில்லை என்று நினைவூட்டுகிறது, அவ்வளவுதான். வழிகாட்டும் திரையோ நம் ஊர் தெரியாமல், கார் எப்போதும் நடுக்கடலில் நிற்பதாகக் காட்டும். எந்தப் பொத்தானை அழுத்தினாலும் ஜப்பானிய எழுத்துகள். அதை லிஃப்ட்காரர் தொடுவதே இல்லை.

கார் வந்து நான்கு மாதம் இருக்கும். ஒரு காலை சாவியைத் திருப்பினார். முதலில் ஒரு சின்ன மணியோசை. பிறகு அந்தப் பெண் வேறு ஏதோ சொன்னாள். நீளமாக, நிதானமாக. அவர் சுதாரித்துக்கொள்வதற்குள் முடிந்துவிட்டது. அணைத்து மறுபடி போட்டால் பேச்சே இல்லை. அன்று மத்தியானம் சிக்னலில் நின்றுகொண்டிருந்தபோது பின்னாலிருந்து ஒரு வேன் வந்து இடித்தது. கழுத்துச் சுளுக்கோடு தப்பினார். லிஃப்டுக்கு எழுதுவதைப்போலவே காருக்கும் அவர் ஒரு நோட்டு வைத்திருந்தார். அதில் எழுதினார்: "பதினேழாம் தேதி. வேறு வாக்கியம். விபத்து."

அடுத்த வருடம் அதே மாதம், அதே பதினேழு. அதே மணியோசை, அதே வாக்கியம். அன்று வெளியூரில் மகளுக்குப் பட்டமளிப்பு விழா.

மகளும் மனைவியும் முந்தின நாளே போய்விட்டார்கள். இவர் மட்டும் தனியாகக் காரில். போன வருடத்து வேன் ஞாபகத்துக்கு வந்தது. ஆனாலும் கிளம்பினார். நாற்பது கிலோமீட்டர் போனார். நெடுஞ்சாலையில் இரண்டு பெட்ரோல் பங்குகள் எதிரெதிராக நிற்கும் இடத்தில் ஓரங்கட்டி, நோட்டை எடுத்துப் போன வருடத் தேதியைப் பார்த்தார். மெஷின் காரணமில்லாமல் பேசாது. இருபத்தாறு வருட அனுபவம் அது. வண்டியைத் திருப்பினார். வீட்டுக்கு வந்து மகளுக்குப் போன் செய்து, ஆஸ்பத்திரி லிஃப்டில் ஒரு ஆள் மாட்டிக்கொண்டான், விட்டுவிட்டு வர முடியவில்லை என்றார்.

பயந்து திரும்பியதையாவது மன்னிக்கலாம். ஆனால் அந்தப் பொய் நன்றாக வேலை செய்துவிட்டது. மகள் கோபப்படவில்லை. பெருமைப்பட்டாள். தோழிகளிடமெல்லாம் சொன்னாள். அதற்குப் பிறகு உண்மையைச் சொல்ல அவருக்கு ஏது வாய்?

போன வருடம் அந்தத் தேதியில் அவர் காரைத் தொடவே இல்லை, பஸ்ஸில் போனார். இந்த வருடம் மகளுக்கு வெளிநாட்டில் வேலை கிடைத்தது. விமான டிக்கெட் வந்ததும் தேதியைப் பார்த்தார். பதினேழு.

"டாக்சி சொல்லிடலாம்மா. சாமான் நிறைய இருக்கு," என்று மெல்ல ஆரம்பித்தார்.

"ரெண்டே பெட்டிப்பா. நீங்கதான் கொண்டுபோய் விடணும். ரெண்டு வருஷம் கழிச்சுத்தான் திரும்பி வருவேன்," என்றாள் மகள். பிறகு, குத்திக்காட்டும் எண்ணமே இல்லாமல், "பட்டமளிப்பு விழாவுக்குத்தான் உங்களால வர முடியல," என்றாள்.

மூன்று வாரம் சரியாகச் சாப்பிடவில்லை. மெக்கானிக்கிடம் மூன்று முறை காரைக் கொண்டுபோனார். பிரேக், டயர், பேட்டரி எல்லாவற்றையும் பார்த்துவிட்டு மெக்கானிக் கையைத் துடைத்துக்கொண்டான்.

"சார், வண்டிக்கு ஒண்ணுமில்ல. நீங்கதான் ஒரு நல்ல டாக்டரைப் பாக்கணும்."

கடைசியில் ஒரு திட்டம் போட்டார். அன்று காலை யாரும் கீழே வருமுன் தனியாகப் போய்ச் சாவியைத் திருப்பிவிடுவது. அந்தப் பெண் சொல்வதைச் சொல்லி முடித்துவிடட்டும். ஒரு தடவைதானே சொல்வாள். மகள் காதில் விழாது. பயப்படுவதை அவர் மட்டும் பயந்துகொள்ளலாம்.

பதினேழாம் தேதி காலை ஆறரை. ஆணியில் சாவி இல்லை. மேஜையில் இல்லை, சட்டைப் பையில் இல்லை. கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. மனைவி சமையலறையிலிருந்து, "அவதான் எடுத்துட்டுப் போனா. காலையிலிருந்து வீட்டையெல்லாம் வீடியோ எடுத்துக்கிட்டு அலையிறா," என்றாள்.

செருப்புக்கூடப் போடாமல் படியிறங்கினார். மகள் காரின் முன் சீட்டில் உட்கார்ந்து, செல்போனைத் திரைக்கு நேராகப் பிடித்திருந்தாள்.

"அப்பா, இந்த அக்கா குரலையும் எடுத்துட்டுப் போறேன். அங்கே போனா ஞாபகம் வரும்ல?" என்று சாவியைத் திருப்பினாள்.

மணியோசை கேட்டது. லிஃப்ட்காரர் கதவைப் பிடித்துக்கொண்டார். குரல் நிதானமாகச் சொல்லி முடித்தது.

"அட, இன்னிக்கு வேற என்னமோ சொல்லுதே!" என்றாள் மகள்.

"தெரியல," என்றார்.

பதினோரு மணிக்கு விமான நிலையத்தில் இருக்க வேண்டும். நூற்றைம்பது கிலோமீட்டர். ஏழரை மணிக்குக் கிளம்பினார்கள். ஸ்டீயரிங்கை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, இடது ஓரமும் இல்லாமல் வலது ஓரமும் இல்லாமல், முப்பதில் ஓட்டினார். லாரிகள் தாண்டின. மெத்தை ஏற்றிக்கொண்டு போன ஒரு பைக் தாண்டியது. ஒவ்வொரு வாகனமும் தங்களை நோக்கி வருவதாகவே அவருக்குப் பட்டது. பின் கண்ணாடியில் மகளின் தலை தெரிந்தது. அவளுக்கு ஒன்று ஆகிவிட்டால் என்ற நினைப்பு வந்ததும் இன்னும் வேகத்தைக் குறைத்தார்.

"என்னங்க, பிளேன் நமக்காக நிக்காது. உடம்பு சரியில்லையா? ஏன் இப்படி வேர்க்குது?" என்றாள் மனைவி.

"ஒண்ணுமில்ல."

எதிரெதிரான அந்த இரண்டு பெட்ரோல் பங்குகள் வந்தன. அவர் முடிவெடுத்ததாகவே தெரியவில்லை, கார் ஓரமாக நின்றிருந்தது. என்ஜினை அணைத்தார்.

"கயித்தை இழுத்துட்டீங்களா?" என்றாள் மனைவி. ஆனால் அவர் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு நின்றுவிட்டது.

"இங்கேருந்து ஒரு டாக்சி பிடிச்சுக்கலாம். இந்த வண்டி வேண்டாம். நான் சொல்றதைக் கேளுங்க."

"டாக்சி வர்ற நேரத்துக்குப் பிளேனே போயிடும்ங்க!"

அந்த நேரம் பார்த்துப் பின் சீட்டிலிருந்து மகளின் சிரிப்பு வெடித்தது.

"மொழிபெயர்ப்பு வந்துருச்சு! இவ்ளோ நேரமா டவர் இல்ல. அப்பா, அந்த அக்கா என்ன சொன்னாங்க தெரியுமா? பிறந்தநாள் வாழ்த்துகள்! கார் வச்சிருந்தவங்க யாரோ பிறந்தநாளைப் பதிஞ்சு வச்சிருக்காங்க. அது இன்னமும் வருஷா வருஷம் வாழ்த்திக்கிட்டே இருக்கு போல. பாவம்ல?"

மனைவியும் சிரித்தாள். லிஃப்ட்காரர் ஸ்டீயரிங்கின் மேல் நெற்றியை வைத்துக்கொண்டார். மூன்று வாரமாக நெஞ்சில் உட்கார்ந்திருந்தது இறங்கியது. இறங்கிய இடத்தில் வேறொன்று வந்து உட்கார்ந்தது, அது இதைவிடக் கனம்.

"இன்னிக்குப் பதினேழா?" என்றாள் மகள். "என் பட்டமளிப்பு விழாவும் இதே தேதிதான். போட்டோ ஃபிரேம்ல போட்டிருக்கும்."

சொல்லாமல் இருந்திருக்கலாம். அவர் வாயை மூடிக்கொண்டிருந்தால் மகள் அதை எண்ணியும் பார்த்திருக்க மாட்டாள், சிரித்தபடியே விமானம் ஏறியிருப்பாள். ஆனால் அந்த இடத்திலேயே, அதே பங்குக்கு எதிரே, அவரால் முடியவில்லை.

"அன்னிக்கு லிஃப்டுல யாரும் மாட்டல," என்றார்.

அவர் முன்னால் பார்த்தபடியே எல்லாவற்றையும் சொன்னார். வேன் இடித்தது, நோட்டு, இதே இடத்தில் வண்டியைத் திருப்பியது. "பயந்துட்டேன்மா," என்றார்.

மனைவி அவரை ஏதோ வேற்று மனிதரைப்போலப் பார்த்தாள். மகள் வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு லாரி பங்கில் டீசல் போட்டுக்கொண்டு கிளம்பிப் போனது.

"இந்த வேலைக்கு இன்டர்வியூவுல, நீ யாரை மதிக்கிறேன்னு கேட்டாங்க. அந்த லிஃப்ட் கதையைத்தான் சொன்னேன்," என்றாள்.

அவர் சாவியைத் தொட்டார், திருப்பவில்லை.

"மேடையில என் பேரைக் கூப்பிட்டதும் கீழே பார்த்தேன்பா. மூணாவது வரிசையில உங்க நாற்காலி. அம்மாவோட ஹேண்ட்பேக்தான் உட்கார்ந்திருந்துச்சு." கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "வண்டியை எடுங்க. நேரமாகுது."

எடுத்தார். இப்போது தொண்ணூறில் ஓட்டினார். டயர் வெடிக்கும், லாரி இடிக்கும் என்ற பயமெல்லாம் போன இடம் தெரியவில்லை. பின் சீட்டிலிருந்து ஒரு சொல் வராதா என்பது ஒன்றுதான் அவர் கவலை. வழிநெடுக வரவில்லை. மனைவி ஒரு முறை பின்னால் கை நீட்டினாள். மகள் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டது கண்ணாடியில் தெரிந்தது.

பதினொன்றுக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது போய்ச் சேர்ந்தார்கள். பயணிகளை இறக்கிவிடும் இடத்தில் வண்டி இரண்டு நிமிடத்துக்கு மேல் நிற்கக் கூடாது என்று பெரிய பலகை. லிஃப்ட்காரர் பெட்டிகளை இறக்கித் தள்ளுவண்டியில் வைத்தார். மகள் அம்மாவைக் கட்டிக்கொண்டு அழுதாள். அவரிடம் வந்து, "போயிட்டு வரேன்பா," என்றாள். அவ்வளவுதான். அவள் கண் அவர் சட்டைப் பொத்தானைத்தான் பார்த்தது.

வாசலில் பாஸ்போர்ட் பார்க்கும் வரிசை நீளமாக இருந்தது. அவளுக்கு முன்னால் எட்டுப் பேர்.

"வண்டியை எடுங்க!" என்று காவலாளி விசிலடித்தான்.

விசில் என்றால் உடனே கட்டுப்படும் மனிதர் அவர். எச்சரிக்கைப் பலகை, சிவப்பு விளக்கு, மணி, எதையும் வாழ்நாளில் மீறியதில்லை. மனைவி காருக்குள்ளிருந்து, "என்னங்க, வாங்க," என்றாள். அவர் அசையவில்லை. வரிசையில் ஆறு பேர்.

"சார், உங்களைத்தான்! காது கேக்கலையா? பின்னால எத்தனை வண்டி நிக்குது பாருங்க!"

பின்னால் ஹாரன்கள் ஒன்றுசேர்ந்து அலறின. ஒருவர் கண்ணாடியை இறக்கித் திட்டினார். மூன்று பேர்.

காவலாளி நோட்டைப் பிரித்துக்கொண்டு முன்னால் வந்து நின்றான். "நம்பரை எழுதிடுவேன்!"

"எழுதிக்கோப்பா," என்று சொல்லி, அவன் மறைக்காத பக்கமாக நகர்ந்து நின்றார்.

மகள் பாஸ்போர்ட்டை நீட்டினாள். வாங்கிக்கொண்டாள். தள்ளுவண்டியைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனாள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நாலைந்து அடி நடந்தாள், நின்றாள். பிறகு, மேடையிலிருந்து பார்த்ததைப்போல, திரும்பிக் கூட்டத்துக்குள் தேடினாள்.

லிஃப்ட்காரர் அங்கேதான் நின்றுகொண்டிருந்தார்.