பட்டு சுற்றிய ரைபிள்

எங்கள் தொழிலில் துப்பாக்கி தனியாக வராது; கூடவே ஒரு கதையும் வரும். இங்கே எழுதப்போகும் கதையை நான் பல வருஷங்களாக நம்பவில்லை. இப்போதும் முழுக்க நம்புகிறேனா என்று என்னையே கேட்டுக்கொண்டிருக்கிறேன். வீட்டில் ஒரு பழைய பொருளையும் அதன் பெருமையையும் சேர்த்துச் சுமக்கிறவர்களுக்கு என் சங்கடம் புரியும்.

ஒரே குண்டு

காஞ்சிபுரத்தில் லைசென்ஸ் பெற்ற துப்பாக்கிக் கடை வைத்திருக்கிறேன். தேர்தல் அறிவித்துவிட்டால் ஊரில் உள்ள துப்பாக்கிகளெல்லாம் காவல் நிலையத்துக்கோ என் கடைக்கோ வந்தாக வேண்டும். பிள்ளையார்பாளையத்தில் தறி போட்டிருக்கும் தெய்வநாயகம் ஐயா தன் ஒற்றைக்குழல் ரைபிளைப் பழைய பட்டு வேட்டியில் சுற்றி என்னிடம்தான் கொண்டுவருவார். நான் ரசீது எழுதி முடிப்பதற்குள் கதையைச் சொல்லி முடித்துவிடுவார்.

அவருடைய தாத்தா ஒரு ஜமீன் வீட்டுக்குக் கல்யாணப் புடவை கொடுக்கப் போனார். ஜமீன்தார் தாமல் ஏரிப் பக்கம் வேட்டைக்குப் போயிருந்ததால் அங்கேயே தேடிப் போனார். அவர் கண்ணெதிரே ஒரு சிறுத்தை ஜமீன்தார் மேல் பாய்ந்தது. கீழே விழுந்த ரைபிளைத் தாத்தா எடுத்தார், ஒரே குண்டு, சிறுத்தை சரிந்தது. பிழைத்த ஜமீன்தார் அந்த ரைபிளையே அவருக்குக் கொடுத்துவிட்டார். அதுவரை துப்பாக்கியைத் தொட்டே பார்க்காதவருக்கு அது எப்படி முடிந்தது என்று ஒருமுறை கேட்டேவிட்டேன். ஐயா கோபப்படவில்லை.

“தறியில நாடா எறியிற கைப்பா அது. குறி எப்படித் தப்பும்?”

பூஜையில் கரைந்த எண்

இந்தத் தடவை அவர் வந்தது தேர்தலுக்காக இல்லை. வயதாகிவிட்டது, லைசென்ஸை மகள் பெயருக்கு மாற்ற வேண்டும். மகள் கோமதி பள்ளிக்கூடத்தில் விளையாட்டு ஆசிரியை. அவரும் கூட வந்திருந்தார். ரைபிள் எங்கே செய்தது, எண் என்ன, மதிப்பு எவ்வளவு என்று என்னிடம் சான்று வாங்கிவரும்படி லைசென்ஸ் அலுவலகத்தில் சொல்லியிருந்தார்கள். லைசென்ஸில் உள்ள எண் ரைபிளில் இல்லையென்றால் அதை ஒப்படைக்க வேண்டியதுதான். ஒப்படைத்தால் நொறுக்கி இரும்பாக்கிவிடுவார்கள்.

எண் இருக்க வேண்டிய இடம் கண்ணாடி மாதிரி வழவழவென்று இருந்தது. செய்தவர் பெயரும் இல்லை. துரு தின்ற துப்பாக்கிகளை நிறையப் பார்த்திருக்கிறேன். பக்தியோடு தேய்த்தே பெயரை அழித்த துப்பாக்கியை அன்றுதான் பார்த்தேன். ஒவ்வொரு ஆயுத பூஜைக்கும் புளியும் திருநீறும் போட்டுத் தேய்த்து, சந்தனம் வைத்து, தறிக்குப் பக்கத்தில் சாய்த்து வைப்பார்களாம். கோமதி தலையில் கை வைத்துக்கொண்டார்.

“எங்க வீட்ல குத்துவிளக்கும் இதுவும் ஒண்ணுதான் சார். ரெண்டையும் சேர்த்துப் போட்டுத் தேய்ப்போம்.”

மரத்துக்கு அடியில்

குழலுக்குக் கீழே இடது கை தாங்கும் மரத்தைக் கழற்றினேன். பூஜை எட்டாத இடம் அது ஒன்றுதான். அங்கே எண் நேற்று வெட்டியது போல இருந்தது. லைசென்ஸோடு ஒத்துப்போனது. கோமதி அப்போதுதான் நாற்காலியில் உட்கார்ந்தார்.

எண்ணுக்குப் பக்கத்தில் முட்டை வடிவத்தில் ஒரு முத்திரை, மேலே சின்னக் கிரீடம். பெல்ஜியத்தில் லியேஜ் என்ற ஊரில் குழலைச் சோதித்து அடிக்கும் முத்திரை அது. அந்தக் காலத்து வெள்ளைக்காரக் கடைகள் அங்கே செய்ததை வாங்கி, தங்கள் பெயரைப் பொறித்து விற்றதுண்டு. இங்கிலாந்து ரைபிள் என்று தலைமுறை தலைமுறையாகச் சொல்லிவந்தவரிடம் இதை எப்படிச் சொல்வது? மதிப்பும் பாதிக்குக் கீழே போய்விடும். தயங்கித் தயங்கித்தான் சொன்னேன். ஐயா சிரித்தார்.

“நெய்யிறது பிள்ளையார்பாளையம், பேரு போட்டுக்கிறது கடைக்காரன். எங்களுக்கு இது புதுசாப்பா?”

கழுத்தில் சுற்றியது

தோளில் வைக்கும் மரக்கட்டை ஒடுங்கும் கழுத்துப் பகுதியில் கறுப்பாக ஏதோ சுற்றியிருக்கும். கை வழுக்காமல் இருக்கச் சுற்றியது என்றே இத்தனை நாளும் நினைத்திருந்தேன். அன்று பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். பட்டு. தறியில் நீளவாக்கில் பாவுக்குப் போடும் பட்டு இழை, அரக்கு ஏற்றி, இடைவெளியே இல்லாமல் சுற்றியிருந்தது. பழைய பாவோடு புதுப் பாவைப் பிணைப்பது போல நுனிகளைத் திரித்துச் சேர்த்திருந்தார்கள். ஒரு முடிச்சுகூடக் கண்ணில் படவில்லை. சுற்றுக்கு இரண்டு பக்கமும் விரிசல் எட்டிப் பார்த்தது. உள்ளே மரம் இரண்டாக முறிந்திருந்தது.

என் கடைக்குக் கட்டை வேலை செய்துதரும் அமீர் பாயை வரவழைத்தேன். கட்டையை முறுக்கிப் பார்த்தார், மயிரிழைகூட அசையவில்லை. விரலால் தடவிக்கொண்டே வெகுநேரம் நின்றார்.

“அண்ணே, என்னை ஆணி அடிக்கக் கூப்டீங்களா, கும்பிடக் கூப்டீங்களா?”

குழலுக்குள்

பாய் போன பிறகு என் சந்தேகம் என்னிடமே திரும்பியது. சுடும்போது உதைக்கிற உதையில் வரும் விரிசல் இரும்பை ஒட்டித் தொடங்கி நீளவாக்கில் ஓடும். இது குறுக்கே முறிந்திருந்தது. கட்டையின் அடியில் உள்ள இரும்புத் தகட்டின் ஒரு முனையும் எதன் மேலோ ஓங்கி அடித்தது போல மடங்கியிருந்தது. கீழே விழுந்தாலும் இப்படி ஆகும் என்று எனக்கே சமாதானம் சொல்லிக்கொண்டு, குழலை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தேன். உள்ளே குண்டைச் சுழலவைக்கும் வரிகள் புத்தம் புதிதாக மின்னின. அந்தக் காலத்துத் தோட்டாவை ஒருமுறை வெடித்துவிட்டு வெந்நீர் ஊற்றிக் கழுவாமல் வைத்தாலே குழலை உப்பு அரித்துவிடும். இதில் ஒரு புள்ளி அரிப்பு இல்லை. இந்தக் குழல் வழியாக ஒரு குண்டுகூடப் போனதாகத் தெரியவில்லை.

கதை ரொம்பப் பெரிதாக இருக்கிறதென்றுதான் நான் நம்பாமல் இருந்தேன். நடந்ததைவிட அதைச் சின்னதாக்கிச் சொல்லிவிட்டார்களோ என்று அப்போது தோன்றியது. அந்த ரைபிளைக் கீழே வைக்கக்கூட எனக்குக் கொஞ்ச நேரம் கை வரவில்லை.

எண் சரி, பெல்ஜியம், சுமாரான விலை என்று சான்று எழுதிக் கொடுத்தேன். லைசென்ஸ் கோமதி பெயருக்கு மாறியது. ரைபிளை வாங்கிப்போக வந்த ஐயா, அதை வேட்டியில் சுற்றிக்கொண்டே வழக்கம்போல ஒரே குண்டுக்கு வந்து சேர்ந்தார். “கோமதிகிட்டயும் இதையே சொல்லி வச்சிருக்கேன்பா,” என்றார்.

உலோகத்தைப் பார்த்து ஊரைச் சொல்லும் நான், பல வருஷ சந்தேகத்துக்குப் பிறகு, அவரிடம் கேட்க முடிந்தது இந்த ஒரு கேள்விதான்: “ஐயா, அன்னைக்கு இதுல தோட்டா இருந்துச்சா?”