கஞ்சியில் ஒட்டிய நிக்கல்

எனக்குக் கல்யாணமான முதல் கோடை அது. எழுபதுகளின் நடுப்பகுதி. சென்னையில் வேதியியல் ஆராய்ச்சி மாணவியாக இருந்த நான், விடுமுறைக்குத் திருத்தணியில் மாமியார் வீட்டுக்கு வந்திருந்தேன்.

பெட்ரோல் விலை ஏறியதிலிருந்து எங்கள் பேராசிரியருக்கு ஹைட்ரஜன் பைத்தியம் பிடித்திருந்தது. தண்ணீரில் மின்சாரம் பாய்ச்சினால் ஹைட்ரஜன் வரும்; அது சுலபமாக வர வேண்டுமென்றால் முனையில் பிளாட்டினம் வேண்டும். எங்கள் துறையிலிருந்த பிளாட்டினமோ நகக்கண் அளவுத் தகடு. பேராசிரியர் அதைப் பீரோவில் பூட்டி வைத்திருந்தார். மற்றவர்கள் முடித்து அது என் கைக்கு வருவதற்குள் வீட்டுக்குப் போகும் நேரமாகிவிடும்.

நிக்கல் மலிவு. அதையும் கட்டியாகப் போடாமல் கரித்தூளின் மேல் படிய வைத்தால் என்ன என்று எனக்கு ஓர் எண்ணம். கரிக்குள் எத்தனையோ சந்துபொந்துகள். கொஞ்சம் நிக்கலே அவற்றில் பரவி நிறைய இடம் பிடித்துக்கொள்ளும். முலாம் பூசும் கடையில் நிக்கல் உப்பு வாங்கி, புடவைகளுக்கு நடுவே வைத்துக் கொண்டுவந்திருந்தேன்.

என் கணவருக்கு விசைத்தறிகள். அந்தக் கோடையில் ஓயாத மின்வெட்டு. அதுவரை நாங்கள் இருவரும் பேசியதெல்லாம் "சாப்பிட்டியா", "சாப்பிட்டேங்க" அளவுதான். அன்று தறிச்சத்தம் நின்றதும் அவர் சமையலறைக்கு வந்து எட்டிப் பார்த்தார்.

"இன்னா கலக்கிகினு கீற?"

சொன்னேன். பாதியிலேயே சப்பணமிட்டு உட்கார்ந்துவிட்டார். சாயம் போடுகிற இடத்திலிருந்து காஸ்டிக் சோடா, மோட்டார் சைக்கிளிலிருந்து பேட்டரி, பழைய டார்ச் செல்லை உடைத்து அதற்குள் இருந்த கரிக்குச்சி எல்லாம் அவர்தான் கொண்டுவந்தார். தூளைக் குச்சியில் ஒட்ட ஏதாவது பசை வேண்டும் என்றேன்.

"தறியில பாவு நூலுக்குப் போடுற கஞ்சி கீதே! நூலையே இறுக்கிப் புடிக்குது, ஒன் கரிய புடிக்காதா?"

நிக்கல் உப்புக் கரைசலில் கொட்டாங்கச்சிக் கரித்தூளைப் போட்டு, சலவைச் சோடாக் கரைசலை ஊற்றினேன். பச்சைப் பசேலென்று திரண்டது. மாமியார் வந்து பார்த்தார்.

"இன்னாம்மா, சாயமா? பொடவைக்கு நல்லாருக்குமே!"

"சாயம் இல்லம்மா," என்றார் கணவர். "தண்ணியிலேர்ந்து கேஸ் எடுக்கப் போறோம்."

போறோம்! அந்த ஒரு சொல்லைக் கேட்டதும் எனக்குத் தலைகால் புரியவில்லை. நிக்கல் கலக்கிய கரண்டியைச் சோற்றுப் பானையில் போடப் போனேன்.

பச்சைத் தூளை அலசி, கஞ்சியில் குழைத்து, குச்சியில் பூசிக் காயவைத்தோம். மூடி போட்ட டப்பாவில் கரித்தூளுக்குள் புதைத்துக் கரியடுப்பில் சுட்டோம். அவருக்குப் பொறுமை இல்லை. சூடு ஆறுவதற்குள் மூடியைத் திறந்தார். காற்றுப் பட்டதும் குச்சி தானாகவே செக்கச்செவேலென்று கனன்றது. பூச்சு பொரிந்து உதிர்ந்தது. "அரோகரா!" என்று கத்தியபடி அவர் பின்னால் தாவி மாவுச் சட்டியில் உட்கார்ந்துவிட்டார். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. இடுப்பெல்லாம் மாவோடு அவரும் சிரித்தார்.

அடுத்த குச்சியின் டப்பாவை நன்றாக ஆறும்வரை நான் யாரையும் தொடவிடவில்லை. மறுநாள் காலை காஸ்டிக் தண்ணீரில் முதலில் வெறும் கரிக்குச்சியை வைத்துப் பார்த்தோம். பேட்டரியைக் கொடுத்ததும் சோம்பேறித்தனமாகச் சில குமிழிகள் வந்தன. அதை எடுத்துவிட்டு எங்கள் குச்சியை வைத்தேன். அதே பேட்டரி, அதே தண்ணீர். சோடா பாட்டிலைத் திறந்த மாதிரி நுரைத்துக்கொண்டு பொங்கியது!

"வருதுடி! பாரு, வருது!"

முதல் தடவையாக என்னை 'டி' போட்டார். அதுவும் மாமியார் எதிரில்.

குச்சியின் மேல் மண்ணெண்ணெய்ப் புனலைக் கவிழ்த்து, அதன் மெல்லிய முனையில் ரப்பர் குழாயை மாட்டி, மறுமுனையைச் சோப்பு நீரில் நனைத்தேன். அதில் உப்பிய குமிழி கீழே விழாமல் நேராகக் கூரையைப் பார்த்துப் போனது. அடுத்ததை, அடுப்பை விட்டுத் தள்ளி, நீண்ட கம்பில் கட்டிய திரியின் தீயால் தொட்டேன். பட்டென்று வெடித்தது. மாமியார் காதைப் பொத்திக்கொண்டார். பிறகு மெதுவாகக் கையை எடுத்து, "எங்கிட்ட குடு, நான் ஒண்ணு வெடிக்கறேன்," என்றார். கரண்ட் வந்தது, தறிப் பக்கம் யாரும் போகவில்லை. மாமியார் வெடித்துக்கொண்டே இருந்தார்.

விடுமுறை முடிந்து குச்சியைச் சென்னைக்குக் கொண்டுபோனேன். பேராசிரியர் தாமே உட்கார்ந்து அளந்தார். பிளாட்டினத்துக்கு ஈடில்லை, ஆனால் அவர் நினைத்ததைவிடப் பக்கத்தில் வந்துவிட்டது. மீட்டரை இரண்டு தடவை தட்டிப் பார்த்தார்.

"எதை வச்சு ஒட்டினேம்மா?"

"பாவுக் கஞ்சி, சார்."

அவர் சிரித்த சிரிப்பில் பக்கத்து வகுப்பிலிருந்து ஆட்கள் வந்து பார்த்தார்கள். சில நாளில் பூச்சு உதிரத் தொடங்கியது உண்மைதான். அது ஏன் உதிர்கிறது, எப்படி நிறுத்துவது என்பதே என் ஆராய்ச்சியாகிவிட்டது.

பேராசிரியர் அளந்த அந்த வாரச் சனிக்கிழமையே ஊருக்குத் திரும்பினேன். ரயில் திருத்தணியில் நிற்பதற்கு முன்பே பிளாட்பாரத்தில் அவர் என் ஜன்னலை ஒட்டியே ஓடிவந்தார்.

"இன்னா சொன்னாரு?"

"இன்னும் நிறைய செய்யச் சொன்னாருங்க!"

"ஆங்! அம்மா காலையிலேர்ந்து கொட்டாங்கச்சி சேத்துகினு கீது, வா!"