கத்தலெயும் கத்தாழையும்

என் வீட்டுக்காரருக்குக் கல்லீரலில் புற்றுநோய்க் கட்டி என்று தெரிந்ததும், ஆரணி வீட்டைப் பூட்டிவிட்டுப் பெங்களூரில் மகன் வீட்டுக்கு வந்துவிட்டோம். முதல் சிகிச்சை முடிந்தது. அடுத்ததுக்கு ரத்தப் பரிசோதனை சரியாக இருக்க வேண்டும். கல்லீரல் கொஞ்சம் முரண்டு பிடித்தாலும் தள்ளிப் போட்டுவிடுவார்கள். எனக்கு அது ஒன்றே கவலை. படுக்கையறையிலேயே முருகன் படத்தை மாட்டி, சுற்றிலும் மினுக்கும் சீரியல் பல்பு போட்டு, இரவும் பகலும் அணைக்காமல் வைத்திருந்தேன்.

கீழ்வீட்டம்மா கன்னடக்காரர். எனக்காகத் தமிழ் பேசுவார். ஒருநாள் மாடிப்படியில் என்னை நிறுத்தினார்.

"மெலடோனின்னு ஒண்ணு இருக்காம் ரீ. லிவர் கேன்சருக்கு உதவுமான்னு ஆராய்ச்சி பண்றாங்களாம், என் மக போன்ல படிச்சா. கடைக்கே போக வேணாம், உடம்பே செய்யுமாம். ராத்திரி ரூம்ல கத்தலெ இருந்தா போதும்."

கத்தாழை! முருகனே அனுப்பிய ஆள் என்று அந்தம்மாவைக் கும்பிட்டேன். வாசலில் திருஷ்டிக்குத் தலைகீழாகத் தொங்கிய கத்தாழையை இறக்கி, தொட்டியில் நட்டு, கட்டில் பக்கத்தில் வைத்தேன். ரூமில் இருந்தாலே இவ்வளவு நல்லது என்றால், வயிற்றுக்குள் போனால் இன்னும் நல்லதுதானே? மறுநாள் காலையிலேயே ஒரு மடலைச் சீவி மோரில் அடித்துக் கொடுத்தேன்.

"என்னடி இது, வழவழன்னு?"

"மெலடோனின். பேசாம குடிங்க."

"வாசல்ல தொங்கினதுதானே? ஊர்க்கண்ணெல்லாம் பட்டதைக் கரைச்சு எனக்கு ஊத்தறியே!"

குடித்துவிட்டார், பாவம். மத்தியானத்துக்குள் அவருக்குக் கழிப்பறையே கதியாகிவிட்டது. பயந்துபோய் ஆஸ்பத்திரிக்கு ஓடினோம்.

"என்னம்மா குடுத்தீங்க?" என்றார் டாக்டர்.

"மெலடோனின் டாக்டர்."

அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "யாரைக் கேட்டுக் குடுத்தீங்க? எத்தனை மில்லிகிராம்?"

"ஒரு மடல்."

முழுக் கதையையும் சொன்னேன். நர்ஸம்மா வாயைப் பொத்திக்கொண்டு, "அம்மா, கன்னடத்துல கத்தலென்னா இருட்டு!" என்றார்.

டாக்டரும் சிரித்தார். அப்புறம் சிரிப்பை நிறுத்திவிட்டுச் சொன்னார்: "மெலடோனின் தூக்கத்துக்கான ஹார்மோன்மா. இருட்டினா மூளையில தானா சுரக்கும். கேன்சருக்கு உதவுமான்னு இன்னும் பார்த்துட்டுத்தான் இருக்காங்க, முடிவா தெரியலை. மாத்திரையாக்கூட என்னைக் கேக்காம குடுக்காதீங்க. கத்தாழைச் சாறு இந்த லிவருக்கு ஆகவே ஆகாது."

ரத்தம் எடுத்தார்கள். முடிவு வரும்வரை முருகா முருகா என்பதைத் தவிர என் வாயில் வேறு வார்த்தை இல்லை. சாயங்காலம், கல்லீரலுக்கு ஒன்றும் ஆகவில்லை, சிகிச்சைத் தேதி மாறாது என்றார்கள். அங்கேயே கன்னத்தில் போட்டுக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்து படுத்தவர், சீரியல் பல்பைப் பார்த்தார்.

"இருட்டு வேணும்னு டாக்டரே சொல்லிட்டார். நீ ரூமைத் தேர்த் திருவிழாவாட்டம் வச்சிருக்கே. நான் தூங்கி எத்தனை நாளாச்சு தெரியுமா?"

"முருகன் கோவிச்சுக்க மாட்டாரா?"

"கோயில்லயே ராத்திரி நடை சாத்தறாங்கடி. அவருக்கும் தூக்கம் வரும்."

அது நியாயமாகப் பட்டது. மன்னிப்புக் கேட்டுக்கொண்டு சுவிட்சை அணைத்தேன்.

"ஏய், மெலடோனின் வந்துடுச்சா?" என்றது இருட்டுக்குள்ளிருந்து அவர் குரல். நான் பதில் சொல்வதற்குள் குறட்டை வந்துவிட்டது.