ஏழு ஒன்றுகளும் இரண்டு கருத்துகளும்

ஆக்னஸ் டீச்சர் எங்கள் ஈப்போ கிளை அலுவலகத்துக்கு வந்தபோது அவருக்கு டியூஷன் வேலை போயிருந்தது. காரணம், எங்கள் பத்திரிகையில் வந்த ஓர் எண்.

எழுபதுகளின் கடைசி, மலேசியா. நான் அங்கே துணையாசிரியர். ஞாயிறு மாணவர் பக்கத்தில் டியூஷன் சென்டர் முதலாளி ரத்தினம் கணக்குக் கட்டுரை எழுதுவார். அதன் கீழேயே அவருடைய சென்டர் விளம்பரம் வரும். எதற்காக எது வந்தது என்று நாங்கள் ஆராய்ந்ததில்லை. அந்த வாரம் 1111111 பற்றி எழுதியிருந்தார். ஏழு ஒன்றுகள். வேறெந்த எண்ணாலும் வகுபடாத பகா எண். ஆண்டவனைப் போல் பிரிக்க முடியாதது.

ஆக்னஸ் அந்த சென்டரில்தான் கணிதம் சொல்லிக்கொடுத்தார். ஒரு மாணவி கட்டுரையைக் காட்டிக் கேட்க, கரும்பலகையில் எழுதிவிட்டார்: 239 × 4649. இனி வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள்.

“தப்புன்னு ஒரு வரி போடுங்க சார். வேல திரும்பக் கெடைக்கும்,” என்றார்.

கிளை ஆசிரியர் மாணிக்கம் ரத்தினத்தை வரவழைத்தார்.

“நூறு வரைக்கும் வகுத்துப் பாத்தேன் லா. ஒண்ணும் போகல,” என்றார் ரத்தினம்.

“ஆயிரத்து அம்பத்து நாலு வரைக்கும் பாக்கணும் சார். வர்க்கமூலம் அதுதான்,” என்றார் ஆக்னஸ்.

“அவ்ளோ தூரம் யாரு போவா டீச்சர்? லகாட் போற பஸ்ஸே நேரத்துக்கு வர மாட்டேங்குது.”

மாணிக்கம் என் பக்கம் திரும்பினார். “தம்பி, நாம நடுநிலைப் பத்திரிகை. ரெண்டு பேரு கருத்தையும் போட்டுடு.”

“பெருக்கிப் பாத்தா தெரிஞ்சிடும் அண்ணே.”

“பெருக்குறது நம்ம வேல இல்ல லா.”

போட்டோம். ‘1111111 வகுபடும் என்கிறார் ஆசிரியை, சென்டர் நிர்வாகி மறுப்பு.’

செய்தியில் நான்கு இலக்க எண் ஒன்று இருந்ததை நாங்கள் யோசிக்கவில்லை. நசுங்கிய காரைக் கண்டாலும் முதலில் அதன் நம்பரைக் குறித்துக்கொண்டு, நான்கு இலக்க லாட்டரி விற்கும் நம்பர் கடைக்குப் போகும் ஊர் இது. 4649ஐ பீடோர் வரைக்கும் வாங்கினார்கள். 239ஐ ஒருவரும் சீந்தவில்லை. அதற்கு மூன்று இலக்கம்தான். வார இறுதிக் குலுக்கலில் 4649 வரவில்லை.

திங்கட்கிழமை அலுவலக வாசலில் கூட்டம். “அந்த டீச்சர் கணக்கு தப்பு மச்சான்,” என்று ஒரு லாரி ஓட்டுநர் தன் கூட்டாளியிடம் சொன்னார். “ரத்தினம் சார் அப்பவே சொன்னாரு லா, போகாதுன்னு.”

ரத்தினம் இதை நிரூபணமாக ஏற்றுக்கொண்டார். மாணிக்கமும்தான்.

ஆக்னஸ் மறுபடி வந்தபோது திருத்தம் கேட்கவில்லை. “ஒருத்தராவது பெருக்கிப் பாத்தாங்களா சார்?” என்று மட்டும் கேட்டார். வாங்கியவர்கள் இருந்தார்கள், திட்டியவர்கள் இருந்தார்கள், பெருக்கியவர் இல்லை. அவர் பாகான் டத்தோவில் வேறு வேலை தேடிக்கொண்டு போய்விட்டார்.

இந்தத் தொழிலுக்கு வரும் இளையவர்களுக்கு ஒன்று சொல்வேன்: பென்சிலால் தீர்க்கக்கூடிய விஷயத்துக்கு இரண்டு தரப்பு கிடையாது. ஆனால் ஆக்னஸ் இடத்துக்கு வந்த மாஸ்டருக்கு, வேலையைக் காப்பாற்றிக்கொள்வது எப்படி என்று யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. மாணவர்கள் ஏழு ஒன்றுகளைப் பற்றிக் கேட்டால், “வெளிய வகுபடும். இந்த சென்டர்ல வகுபடாது,” என்பாராம்.